ஐந்து நாளில் பாம்பனும் செங்கோட்டை மலைப்பாதையும்: ரயிலையும் பழைய இடங்களையும் இணைத்துத் திட்டமிடும் முறை

மதுரையில் நின்றுகொண்டு கிழக்கே போனால் கடல் மேல் ஓடும் ரயில் கிடைக்கும். தென்மேற்கே போனால் மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து கேரளத்துக்குள் இறங்கும் ரயில் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவில் மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், கீழடி, ராமநாதபுரம் அரண்மனை, தனுஷ்கோடி, கடைசியில் பத்மநாபபுரம் அரண்மனை. ஐந்து பகலில் இதையெல்லாம் அடக்கலாம். ஆனால் திட்டமிடும் வரிசை தவறினால் இரண்டு ரயில் பாதையையும் இருட்டில் கடந்துவிட்டு ஊர் திரும்ப நேரும். உறவினர்களும் நண்பர்களும் அப்படித் திரும்பி வந்து வருத்தப்பட்டதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

கீழே உள்ள வரிசை சென்னையிலிருந்து கிளம்புவதாக வைத்து எழுதியது. திருச்சி, கோவையிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் இரவும் கடைசி இரவும் மட்டும் மாறும். ரயில் நேரங்களைத் தோராயமாகத்தான் சொல்லியிருக்கிறேன். கால அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும், கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் வெளிச்சத்தைக் குறியுங்கள்

எல்லாரும் முதலில் பார்க்க வேண்டிய ஊர்களின் பட்டியலை எழுதுகிறார்கள். அப்புறம் பகலை மிச்சப்படுத்த இரவு ரயிலாகத் தேடுகிறார்கள். தவறு இங்கேதான் தொடங்குகிறது. இந்தப் பயணத்தில் ரயில் பாதையும் பார்க்க வேண்டிய ஓர் இடம். அதற்கும் பகல் வேண்டும்.

ஒரு தாளில் இரண்டே இரண்டு துண்டுகளை எழுதுங்கள். ஒன்று, மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே உள்ள கடல் பாலம். இன்னொன்று, செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே உள்ள 49 கிலோமீட்டர் மலைப்பாதை. இந்த இரண்டையும் எந்த ரயில் சூரிய வெளிச்சத்தில் கடக்கிறது என்று தேடுங்கள். ரயில் கிளம்பும் நேரம் முக்கியமில்லை, இந்த நிலையங்களைத் தொடும் நேரம்தான் முக்கியம்.

சென்னையிலிருந்து வரும் சேது எக்ஸ்பிரஸ் பொழுது விடியும் முன்பே ராமேஸ்வரம் சேர்ந்துவிடும். நல்ல வண்டிதான், ஆனால் பாலத்தில் கடல் தெரியாது. பாலருவி எக்ஸ்பிரஸ் மலைப்பாதையை நள்ளிரவுக்குப் பின்தான் கடக்கிறது. சென்னை – கொல்லம் எக்ஸ்பிரஸ் அங்கே விடிகாலையில் வரும். ஜூன் மாதத்தில் இந்தப் பக்கம் 6 மணியை ஒட்டி விடிந்துவிடும். ஜனவரியில் 6.40 வரை ஆகும். அதே வண்டி ஜூனில் பாதி மலையைக் காட்டும், ஜனவரியில் பெரும்பகுதியை இருட்டிலேயே கடத்திவிடும்.

நான் தேர்ந்தெடுப்பவை இரண்டு. பாலத்துக்கு, மதுரையிலிருந்து காலை 7 மணியை ஒட்டிக் கிளம்பும் ராமேஸ்வரம் பயணிகள் ரயில். மலைக்கு, மதுரையிலிருந்து முற்பகலில் கிளம்பும் குருவாயூர் எக்ஸ்பிரஸ். அது பிற்பகலில் செங்கோட்டை வரும், பொழுது சாயும் முன் புனலூர் போய்விடும். மற்ற எல்லாவற்றையும் இந்த இரண்டைச் சுற்றித்தான் அடுக்க வேண்டும்.

2. அடுத்து, மூடும் நேரங்கள்

திறக்கும் நேரத்தைத்தான் பலரும் பார்க்கிறார்கள். குறுகிய பயணத்தைக் கெடுப்பது நடுப்பகல் நடை சாத்தலும் வார விடுமுறையும்தான்.

மீனாட்சியம்மன் கோயில் மதியம் 12.30 மணியை ஒட்டி நடை சாத்தி மாலை 4 மணிக்குத் திறக்கும். ராமேஸ்வரம் கோயிலும் மதியம் 1 மணியிலிருந்து 3 மணி வரை மூடியிருக்கும். பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் மதியம் 1 முதல் 2 வரை இடைவேளை. தனுஷ்கோடிக்குள் மாலையில் வண்டிகளை விடமாட்டார்கள்.

இதில் திங்கட்கிழமைதான் பெரிய பொறி. அரண்மனை ஐந்தாம் நாள் வருகிறது. வியாழக்கிழமை காலை மதுரையில் இறங்கினால் ஐந்தாம் நாள் திங்கள். ஒரு நாள் தள்ளி வெள்ளிக்கிழமை இறங்கினால் செவ்வாய், பிரச்சினை இல்லை. வெறும் ஒரு நாள் மாற்றம்தான், ஆனால் டிக்கெட் எடுத்த பிறகு தெரிந்தால் மாற்ற முடியாது.

இன்னும் சில தேதிகளை நாட்காட்டியில் பார்த்துவிடுங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேஸ்வரத்தில் அறையும் கிடைக்காது, நிம்மதியாக நடக்கவும் முடியாது. சித்திரைத் திருவிழாவின்போது மதுரையும் அப்படித்தான். கார்த்திகை முதல் தை தொடக்கம் வரை செங்கோட்டை – புனலூர் ரயில்களில் ஐயப்ப பக்தர்கள் நிறைந்திருப்பார்கள், ஜன்னல் இருக்கை கிடைப்பது அரிது.

மழையையும் சேர்த்து யோசியுங்கள். ஜூன், ஜூலையில் மலை பச்சையாக இருக்கும், சாரல் அடித்தால் ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கும். நவம்பரில் ராமேஸ்வரம் பக்கம் காற்றும் மழையும். பாலத்தில் காற்றின் வேகம் வரம்பைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைத்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் ஒத்துவருவது ஜனவரி கடைசியும் பிப்ரவரியும்தான்.

3. நாட்கள் குறைந்தால் ஒரு திசையை முழுதாக விடுங்கள்

ஐந்து நாள் இல்லை, மூன்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நாள் வேலையை மூன்றில் திணிக்கப் பார்ப்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம் குறைப்பார்கள். கடைசியில் எல்லா இடத்தின் வாசலையும் பார்த்த ஞாபகம் மட்டும் மிஞ்சும்.

கிழக்கா தென்மேற்கா என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மதுரை, பாம்பன், தனுஷ்கோடி, ராமநாதபுரம் என்றால் மூன்று நாள் சரியாக வரும். வயதானவர்கள் உடன் வந்தால் நான் இதைத்தான் சொல்வேன். மலையும் பத்மநாபபுரமும் மட்டும் என்றால் இரண்டு பகலே போதும்.

4. டிக்கெட் எடுக்கும் வரிசை

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். 2024 நவம்பருக்கு முன் இது 120 நாளாக இருந்தது. பழைய கணக்கில் காத்திருந்து ஏமாறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முதலில் எடுக்க வேண்டியது கடைசி நாள் டிக்கெட். அதாவது நாகர்கோவிலிலிருந்து சென்னை திரும்பும் இரவு வண்டி. விடுமுறை முடியும் நாட்களில் அதுதான் முதலில் நிரம்பும். அது கிடைக்காவிட்டால் முழுப் பயணத்தையும் ஒரு நாள் நகர்த்த வேண்டிவரும், அதனால் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. அடுத்தது சென்னை – மதுரை இரவு வண்டி. மூன்றாவது குருவாயூர் எக்ஸ்பிரஸில் மதுரையிலிருந்து கொல்லம் வரை.

மலைப்பாதைக்கு ஏசி பெட்டியில் டிக்கெட் எடுக்காதீர்கள். நல்ல வசதியாக இருக்கட்டுமே என்று எடுத்துவிடுகிறார்கள். ஏசி பெட்டியில் இரட்டைக் கண்ணாடி, அதில் நிறம், நிறத்தின் மேல் தூசு. மலையை மங்கலாகப் பார்ப்பீர்கள். அந்த ஈரக் காற்றும் மண்வாசனையும் உள்ளே வராது. ஸ்லீப்பரில் ஜன்னலைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தால்தான் அந்தப் பாதை உங்களுக்குக் கிடைக்கும்.

மதுரை – ராமேஸ்வரம் பயணிகள் ரயிலுக்கு முன்பதிவு தேவையில்லை. 161 கிலோமீட்டர்தான், அன்றைக்கே எடுக்கும் சாதாரண டிக்கெட் போதும். ஆனால் இந்தத் தூரத்துக்கான முன்பதிவில்லா டிக்கெட்டை எடுத்தபின் 3 மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். முந்தின இரவே செயலியில் எடுத்துவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள்.

தட்கலை நம்பித் திட்டம் போட வேண்டாம். ஸ்லீப்பருக்கு முந்தின நாள் காலை 11 மணிக்குத் திறக்கும், ஆதார் இணைத்த கணக்கு வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் ரயிலிலோ கோயிலுக்குள் போன் இல்லாமலோ இருப்பீர்கள்.

5. கையில் இருக்க வேண்டியவை

எல்லாப் பையிலும் பூட்டு. ரயில் நிலையப் பொருள் காப்பறையில் பூட்டாத பையை வாங்கமாட்டார்கள், கூடவே செல்லுபடியாகும் டிக்கெட்டும் கேட்பார்கள். ராமேஸ்வரத்துக்கு ஒரு மாற்று உடையும், ஈரத் துணி வைக்க ஒரு பிளாஸ்டிக் பையும். தனுஷ்கோடிக்குத் தொப்பி, தண்ணீர். ஆளுக்கு ஒரு முதுகுப்பைக்கு மேல் வேண்டாம். இந்தப் பயணத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு பேருந்தில் ஏற வேண்டிய கட்டங்கள் இரண்டு உண்டு.

6. முதல் நாள்: மதுரையில் அவசரப்படாதீர்கள்

சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ் மாதிரி ஓர் இரவு வண்டியில் வந்தால் விடியும் வேளையில் மதுரையில் இறங்குவீர்கள். அதே காலை 7 மணி ரயிலைப் பிடித்து ராமேஸ்வரம் போய்விடலாமே என்று தோன்றும். நானும் ஒருமுறை அப்படி முயன்றேன். வந்த வண்டி ஒன்றரை மணி தாமதம். பாலத்துக்கான ரயில் கண்ணெதிரே கிளம்பிப் போனது. அடுத்த வண்டி நண்பகலை ஒட்டித்தான் இருந்தது, அன்றைய தனுஷ்கோடியும் போயிற்று. இரவு வண்டியோடு காலை வண்டியை இணைக்கும் எந்தத் திட்டத்திலும் நடுவில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும்.

ஆகவே முதல் நாளை மதுரைக்கே கொடுங்கள். ரயில் நிலைய ஓய்வறையை உங்கள் பி.என்.ஆர். எண்ணை வைத்து இணையத்திலேயே பதிவு செய்யலாம். குளித்துவிட்டு 8 மணிக்குள் கோயிலுக்குப் போய்விட்டால் நடை சாத்தும் முன் நான்கு மணி நேரம் கிடைக்கும். போனை உள்ளே கொண்டுபோக முடியாது. குடும்பமாகப் போகிறவர்கள் பிரிந்துவிட்டால் எந்தக் கோபுர வாசலில் சந்திப்பது என்று முன்பே பேசிவையுங்கள். நான்கு பக்கமும் ஒரே மாதிரி தெருக்கள், புதியவர்கள் குழம்பிப்போவார்கள்.

கோயில் மூடியிருக்கும் மதியத்தில் திருமலை நாயக்கர் மகால். 1636ல் கட்டியது, கோயிலிலிருந்து நடந்தே போகலாம். இந்த வரிசைக்குக் காரணம் எளிது: மகாலுக்கு மதியத்தில் நீண்ட மூடல் இல்லை, கோயிலுக்கு உண்டு. இதை மாற்றிச் செய்தால் காலையில் மகாலைப் பார்த்துவிட்டு, 12.45க்குக் கோயில் வாசலில் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

இரவு சீக்கிரம் படுத்துவிடுங்கள். மறுநாள் 6 மணிக்கே நிலையத்தில் இருக்க வேண்டும்.

7. இரண்டாம் நாள்: பாலம், பிறகு தனுஷ்கோடி

முன்பதிவில்லாத ரயில் என்பதால் சீக்கிரம் வந்தவருக்கே ஜன்னல். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று வறண்ட நிலம், கருவேலங்காடு. உச்சிப்புளி தாண்டியதும் மணலும் பனையும் வர ஆரம்பிக்கும். அப்போதே தயாராகிவிடுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1914ல் திறந்த பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும், பார்த்து ரசிக்க நேரம் தாராளமாக இருந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலம் அப்படியில்லை. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல், வேகமும் கூடிவிட்டது. சில நிமிடங்களில் கடந்துவிடும். பழைய கதைகளைக் கேட்டு வந்தவர்கள் பையிலிருந்து போனை எடுப்பதற்குள் பாம்பன் நிலையம் வந்துவிடுகிறது. மண்டபம் நிலையத்தில் வண்டி நிற்கும்போதே ஜன்னலருகே இருக்க வேண்டும்.

எந்தப் பக்கம் நல்லது என்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் கடல்தான், ஒன்று பாக் நீரிணை, மற்றொன்று மன்னார் வளைகுடா. கிடைத்த ஜன்னலில் உட்காருங்கள். ஆனால் கதவோரம் நிற்காதீர்கள். திறந்த கடலில் வரும் காற்று எதிர்பாராமல் தள்ளும், பாலத்தில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

ஒரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. பாலத்தின் மேல் போகிறவருக்குப் பாலம் தெரியாது, கடல்தான் தெரியும். கப்பல் போக வழிவிட 17 மீட்டர் உயரம் தூக்கப்படும் அந்த 72.5 மீட்டர் நடுப்பகுதியைச் சாலைப் பாலத்திலிருந்துதான் முழுதாகப் பார்க்க முடியும். அதனால்தான் என் திட்டத்தில் போவது ரயிலில், திரும்புவது பேருந்தில். திரும்பும்போதும் ரயில் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பாலத்தைப் பார்க்காமலே இரண்டு முறை கடந்திருப்பீர்கள்.

ராமேஸ்வரத்தில் 11 மணி சுமாருக்கு இறங்கினால் அறையில் பையை வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். கோயிலுக்கு இப்போது போக வேண்டாம், மறுநாள் காலைக்கு வைத்திருக்கிறோம். பிற்பகல் 2.30க்கு, தாமதமானால் 3 மணிக்குள், தனுஷ்கோடிக்குக் கிளம்புங்கள். நகரப் பேருந்தும் உண்டு, ஆட்டோவும் வேனும் உண்டு. தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது.

சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று ஐந்து மணிக்குக் கிளம்புகிறவர்களைச் சோதனைச்சாவடியிலேயே திருப்பி அனுப்புவார்கள். ஒருமுறை என் சித்தியையும் சித்தப்பாவையும் அழைத்துப் போனபோது, வண்டிக்காரர் "ஆறு மணி வரைக்கும் விடுவாங்க சார்" என்று உறுதியாகச் சொன்னார். சாவடியில் இருபது நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினோம். சித்தி 1964 புயலுக்கு முன் அங்கே போய் வந்த தன் அப்பாவைப் பற்றி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். அந்த மாலை இன்றும் எனக்கு வலிக்கிறது.

போகும்போதே அரிச்சல்முனைக்கு நேராகப் போய்விடுங்கள். திரும்பும் வழியில் பழைய தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் இடிபாடும் வரும். 1964 டிசம்பர் புயலில் ஊரோடு ரயிலும் போன இடம் அது. மாலை வெயில் சாய்ந்த நேரத்தில் அந்தச் சுவர்களின் பவளக்கல் தெளிவாகத் தெரியும். ஊருக்குள் வரும் வழியில் இறங்கிச் சற்று நேரம் அமைதியாக நில்லுங்கள்.

8. மூன்றாம் நாள்: கோயில், சாலைப் பாலம், ராமநாதபுரம், கீழடி

விடியற்காலை 5 மணிக்கு ஸ்படிகலிங்க தரிசனம். அதற்குப் பிறகு 22 தீர்த்தங்களில் நீராடுவது. இந்த வரிசையை மாற்றினால் ஈர உடையோடு சன்னதிக்குப் போக முடியாது, அறைக்குப் போய் உடை மாற்றித் திரும்புவதற்குள் வரிசை நீண்டிருக்கும். தீர்த்தமாட விருப்பமில்லாதவர்கள் அந்த நேரத்தை மூன்றாம் பிரகாரத்துக்குக் கொடுங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள் இரு பக்கமும் நேர்கோட்டில் ஓடும் அந்த நடையைக் கூட்டம் சேருமுன் காலையில் பார்ப்பது தனி அனுபவம்.

9 மணிக்குள் பேருந்து நிலையம். ராமநாதபுரம், மதுரை போகும் பேருந்துகள் அடிக்கடி உண்டு. சாலைப் பாலத்தில் பேருந்து மெதுவாகப் போகும்போது புதிய ரயில் பாலம் முழுதும் தெரியும். நின்று பார்க்க வேண்டும் என்றால் பாம்பனில் இறங்கிப் பாலத்தின் நடைபாதையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு அடுத்த பேருந்தைப் பிடிக்கலாம். பையோடு நடக்கச் சிரமப்படுவோருக்கு வேண்டாம்.

ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாசம். சேதுபதிகளின் அரண்மனை, உள்ளே சுவர் முழுக்க ஓவியங்கள். ராமேஸ்வரம் போகிற ஆயிரம் பேரில் இறங்கிப் பார்க்கிறவர் ஒருவர்கூட இருக்கமாட்டார் என்று தோன்றும் அளவுக்கு அமைதியாக இருக்கும். போர்க்காட்சிகள், ஐரோப்பியரைச் சேதுபதி வரவேற்கும் காட்சி, அந்தப்புரம் என்று கூரைவரை வரைந்திருக்கிறார்கள். வெளிச்சம் குறைவு, கண் பழக ஐந்து நிமிடம் ஆகும். உள்ளே போனதும் சுற்றிவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். ஒரு மணி நேரம் இருங்கள்.

மதியம் மதுரை போகும் பேருந்தில் ஏறி, ஊருக்குள் போகுமுன் சிலைமான் பக்கம் இறங்கினால் கீழடி அருங்காட்சியகம் அருகில்தான். மதுரை போய் மறுபடி 12 கிலோமீட்டர் திரும்பி வருவதைவிட இது வசதி. 2023ல் திறந்தது. அதன் வார விடுமுறை நாளை மட்டும் முன்கூட்டியே பார்த்துவையுங்கள். நேரமாகிவிட்டால் கீழடியை விட்டுவிடலாம், ராமநாதபுரத்தைக் குறைக்க வேண்டாம். இரவு மதுரை.

9. நான்காம் நாள்: மலைக்குள்

குருவாயூர் எக்ஸ்பிரஸ் முற்பகலில் கிளம்புகிறது, ஆகவே காலை இடைவெளியில் தூங்கி எழுந்து, மதிய உணவைக் கட்டிக்கொண்டு ஏறுங்கள். விருதுநகர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி என்று வண்டி போகும். ராஜபாளையத்திலிருந்தே மேற்கில் மலை கூடவே வரும். முதல் மூன்று மணி நேரம் ஓய்வெடுங்கள். போனில் மின்சாரத்தை வீணாக்காதீர்கள்.

செங்கோட்டையில் வண்டி கொஞ்சம் அதிக நேரம் நிற்கும். ஏற்றத்தில் தள்ள இன்னோர் எஞ்சினைப் பின்னால் சேர்ப்பார்கள். அந்த நேரத்தில் டீ குடித்துவிட்டு ஜன்னல் இருக்கையைப் பக்கத்துப் பயணியோடு பேசி மாற்றிக்கொள்ளலாம். அவரும் இந்தப் பாதைக்காகவே வந்தவராக இருக்கலாம், பாதி வழியில் மாற்றிக்கொள்கிறோம் என்று பேசினால் யாரும் மறுப்பதில்லை.

அடுத்து பகவதிபுரம். தமிழ்நாட்டுப் பக்கத்தின் கடைசி நிலையம். அதைத் தாண்டியதும் ஒரு நீண்ட குகை, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். உள்ளே போகும்போது வெயில், காய்ந்த புல், தென்னந்தோப்பு. வெளியே வரும்போது ரப்பர் மரங்கள், ஈரம், மேகம். ஆரியங்காவு. இந்த ஒரு மாற்றத்துக்காகவே திசை முக்கியம். தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குப் போகும் திசையில்தான் இது ஒரு கதவைத் திறந்தது மாதிரி இருக்கும். எதிர்த் திசையில் வந்தால் பச்சையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வெறும் வறட்சிதான் தெரியும். பலர் கொல்லத்திலிருந்து தொடங்கி மதுரையில் முடிக்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஆரியங்காவிலிருந்து இடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை வழியாக இறக்கம். பல இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம்தான். பாம்பனைப் போல் இங்கே அவசரம் இல்லை, செங்கோட்டையிலிருந்து புனலூர் போக இரண்டு மணி நேரம் பிடிக்கும். படம் எடுப்பதை முதல் அரை மணியோடு முடித்துவிட்டு அப்புறம் வெறுமனே பாருங்கள். போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். கொல்லம் விடுதிக்குத் தாமதமாக வருவோம் என்று சொல்ல வேண்டுமானால் செங்கோட்டையிலேயே சொல்லிவிடுங்கள்.

கழுதுருட்டி அருகே பதிமூன்று கண் பாலம். இங்கேயும் பாம்பன் கதைதான். ரயிலில் இருப்பவருக்கு அந்தக் கருங்கல் வளைவுகள் தெரியாது, கீழே சாலையும் மரங்களும் மட்டும் தெரியும். அதைப் பார்க்க வேண்டும் என்றால் புனலூர் – செங்கோட்டை நெடுஞ்சாலையில் வர வேண்டும், பாலம் சாலையோரமே நிற்கிறது.

அதற்கு இரண்டு வழி. ஐந்தாம் நாள் பத்மநாபபுரம் போகிறீர்கள் என்றால் பாலத்தை விட்டுவிட்டுக் கொல்லம் வரை போய்த் தங்குங்கள். ஏதோ காரணத்தால் ஐந்தாம் நாள் திங்களாக அமைந்துவிட்டால் புனலூரில் இறங்கித் தங்குங்கள். காலையில் கல்லடை ஆற்றின் மேல் 1877ல் கட்டிய தொங்கு பாலத்தில் நடந்துவிட்டு, செங்கோட்டைப் பேருந்தில் ஏறிப் பதிமூன்று கண் பாலத்தில் இறங்கிப் பாருங்கள். அங்கிருந்து பேருந்திலேயே தென்காசி போய்ச் சென்னைக்கு இரவு ரயில். இரண்டையும் ஒரே நாளில் செய்ய முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. அரண்மனை பாதியில் பூட்டப்படும்.

10. ஐந்தாம் நாள்: பத்மநாபபுரம்

கொல்லத்திலிருந்து காலை 6, 7 மணிக்குள் கிளம்பும் நாகர்கோவில் வண்டியைப் பிடியுங்கள். அரண்மனை இருப்பது கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. ஆகவே விடுமுறை விவரத்தைக் கேரளப் பக்கம்தான் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு விடுமுறைப் பட்டியலைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு.

பக்கத்து நிலையம் இரணியல். எல்லா வண்டியும் அங்கே நிற்காது. கைப்பை மட்டும் உள்ளவர்கள் அங்கே இறங்கி ஆட்டோவில் போகலாம். சுமை உள்ளவர்கள் நாகர்கோவில் வரை போய், பையை வைத்துவிட்டுத் தக்கலைப் பேருந்தில் திரும்பி வாருங்கள். 15 கிலோமீட்டர்தான். கொஞ்சம் பின்னால் வருவது போலத் தோன்றும், ஆனால் மாலை வண்டி அங்கிருந்துதான், பையும் அங்கேயே காத்திருக்கும்.

11 மணிக்குள் உள்ளே இருந்தால் இடைவேளைக்கு முன் இரண்டு மணி நேரம் கிடைக்கும். மன்னரின் ஆலோசனை அறையான மந்திரசாலை, பழைய பகுதியான தாய்க் கொட்டாரம், நவராத்திரி மண்டபம் என்று வரிசையாகத்தான் விடுவார்கள், பின்னால் திரும்பிப் போக முடியாது. மந்திரசாலையில் பலகணி வழியாக வரும் வெளிச்சத்தையும், கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் கருந்தரையையும் அவசரமில்லாமல் பாருங்கள். பின்னால் வரும் கூட்டத்தை முன்னால் விட்டுவிட்டால் அறை கொஞ்ச நேரம் உங்களுக்கே கிடைக்கும்.

வண்டி தாமதமாகி 12.30க்குத்தான் வந்தீர்கள் என்றால் அரை மணியில் ஓடிப் பார்க்க வேண்டாம். வெளியே சாப்பிட்டுவிட்டு 2 மணிக்கு டிக்கெட் எடுங்கள். 4.30 வரை நேரம் இருக்கிறது. அதன்பின் நாகர்கோவில் பேருந்துக்கு 45 நிமிடம், இரவு உணவு வாங்க அரை மணி. திரும்பும் டிக்கெட்டை 6 மணிக்குப் பிறகு கிளம்பும் வண்டியில் எடுத்திருந்தால் இந்தத் தாமதத்தையும் தாங்கும்.